பனங்காடையிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஆபிரிக்க சபாரி போகத் திட்டமிடுவோரிடமிருந்து வந்த கடிதங்களில் பறவைகளைப் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். சிங்கத்தையும் யானையையும் யாரும் காட்டித் தருவார்கள். பறவைக்கு நீங்களே ஆயத்தமாகப் போக வேண்டும்.

கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. எல்லோருமாக ஜூலையில் எட்டு நாள் கென்யா போகிறோம். முகவர் தந்த திட்டத்தில் மசாய் மாரா, அம்போசெலி, நகுரு, நைவாசா, சம்புரு ஐந்தும் இருக்கின்றன. எனக்குப் பறவைதான் முக்கியம். இது சரிவருமா?
— ஒரு வாசகி, கொக்குவில்

சரிவராது. சம்புரு நைரோபிக்கு வடக்கே, வீதி வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல். அம்போசெலி தெற்கே தன்சானிய எல்லையோரம். எட்டு நாளில் இந்த ஐந்தையும் தொட்டால், பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலை நேரத்தில் பாதி வீதியிலேயே கழிந்துவிடும். ஐந்தை மூன்றாகக் குறையுங்கள்.

எந்த மூன்று என்பதைப் பெயரை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், நிலத்தை வைத்துத் தீர்மானியுங்கள். கென்யாவில் 1,100க்கு மேற்பட்ட பறவையினங்கள் இருப்பதற்குக் காரணமே கடற்கரை, பாலைப்புதர், புல்வெளி, ஏரி, மழைக்காடு, 5,199 மீற்றர் மலை எல்லாம் ஒரே நாட்டுக்குள் இருப்பதுதான். இரண்டு புல்வெளிக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் வரும். ஆகவே ஒரு நன்னீர் ஏரி, ஒரு வறண்ட புதர்நிலம், ஒரு புல்வெளி என்று எடுங்கள். நைவாசாவில் இரண்டு இரவு, சம்புருவில் மூன்று, மாராவில் இரண்டு. நைரோபியில் இறங்கும் நாளை வீணாக்காமல், நகரத்தை ஒட்டியே இருக்கும் நைரோபி தேசியப் பூங்காவுக்கு அரைநாள் போகலாம். மாராவை விட்டுவிட மனம் வந்தால் அதற்குப் பதிலாகப் பாரிங்கோ ஏரி. பறவைக்காகவே போகிறவர்களுக்கு அதுதான் கூடுதல் பயன், ஆனால் தம்பியின் பிள்ளைகள் சிங்கம் கேட்பார்கள்.

ஜூலை பற்றி ஒன்று. அது மழையில்லாக் காலம். புல் குறைவாக இருக்கும், விலங்கு பார்க்க வசதி, விலையும் உச்சம். அங்கேயே வாழும் பறவைகள் எல்லாம் இருக்கும். ஆனால் ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் இருந்து வரும் வலசைப் பறவைகள் இராது. அவை ஒக்டோபர் அளவில் வந்து ஏப்ரிலில் திரும்பும், நமது கடல்நீரேரிக்கு வருபவற்றைப் போலவே. மழைக்காலத்தில் நீண்ட கறுப்பு வால் வளர்த்துப் புல்லுக்கு மேலே துள்ளும் சில குருவி ஆண்களும் ஜூலையில் வெறும் தவிட்டு நிறத்தில்தான் நிற்கும். மாதத்தை மாற்ற முடியுமானால் ஜனவரி, பெப்ரவரி நல்லது. மழை குறைவு, வலசைப் பறவைகளும் நிற்கும். மாற்ற முடியாவிட்டால் ஜூலையிலேயே போங்கள். குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். நைரோபி ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நைவாசா அதைவிட உயரம். கூரை திறந்த வாகனத்தில் காலை ஆறு மணிக்கு நின்றால் யாழ்ப்பாணத்து உடம்பு தாங்காது.

நகுரு ஏரி முழுதும் இளஞ்சிவப்பாக இருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். இப்போதும் அப்படியா? அங்கே இருப்பதும் வல்லை வெளிக்கு வரும் பூநாரையும் ஒன்றா?
— ஒரு வாசகர், அச்சுவேலி

அந்தப் படங்கள் பெரும்பாலும் பழையவை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நகுருவின் நீர்மட்டம் மிகவும் உயர்ந்துவிட்டது. நல்ல தண்ணீர் கூடக் கூட ஏரியின் காரத்தன்மை குறைகிறது. காரநீரில் மட்டும் செழிக்கும் நுண்ணிய நீலப்பச்சைப் பாசி அதனோடு குறைகிறது. சிறு பூநாரையின் உணவு அந்தப் பாசிதான். உணவு போன இடத்துக்குப் பறவையும் போனது. கூடுதலாகப் பார்க்கக் கிடைப்பது வடக்கே உள்ள போகோரியா ஏரியில், வெந்நீர் ஊற்றுகளின் ஓரமாக. அங்கும் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் மாறும். போவதற்கு ஒரு கிழமை முன்பு வழிகாட்டியிடம் இப்போது எந்த ஏரியில் நிற்கின்றன என்று கேட்டுவிட்டுத் திட்டத்தை முடிவாக்குங்கள்.

நமது கடல்நீரேரிக்கு வருவது பெரும் பூநாரை. அது ஆபிரிக்காவிலும் உண்டு, அதே இனம்தான். ஆனால் அங்கே இலட்சக் கணக்கில் கூடுவது சிறு பூநாரை. இரண்டையும் பிரிக்க அலகைப் பாருங்கள். பெரியதற்கு அலகு வெளிர் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறியதற்கு அலகு முழுதும் கருஞ்சிவப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். அலகு தெரியாத தூரமென்றால் மேய்ச்சலைப் பாருங்கள். பெரியது தலையை நீருக்குள் அமிழ்த்திச் சேற்றைக் கிளறி இறால், பூச்சி தேடும். சிறியது நீரின் மேற்பரப்பிலேயே அலகை இரு பக்கமும் அசைத்தபடி நடக்கும். கிழக்கு ஆபிரிக்காவின் சிறு பூநாரைகள் முறையாகக் குஞ்சு பொரிப்பது தன்சானியாவின் நாத்ரோன் ஏரி ஒன்றில்தான். அந்த ஒரே ஏரி கெட்டால் அத்தனை கூட்டமும் ஆபத்தில் விழும்.

அண்ணா ரொறன்ரோவிலிருந்து பைனாகுலர் அனுப்பக் கேட்கிறார். 20×50 வாங்கவா, 10×50 வாங்கவா?
— ஒரு மாணவர், மானிப்பாய்

இரண்டும் வேண்டாம். 8×42 கேளுங்கள்.

முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42இல் 5.25 மி.மீ., 20×50இல் 2.5 மி.மீ. காலை ஆறரை மணி மங்கலில் 20×50 இருட்டாகத் தெரியும். அதைவிட மோசம் நடுக்கம். கை நடுக்கத்தையும் அது இருபது மடங்காக்கும், முக்காலி இல்லாமல் பயன்படாது. மடங்கு கூடக் கூடப் பார்வைப் பரப்பும் சுருங்கும். மரக்கொப்பில் துள்ளும் குருவியை அந்தச் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். மடங்கைக் கூட்டிக் குறைக்கும் ஸூம் வகையும், முன்கண்ணாடி மாணிக்கச் சிவப்பாக மின்னும் மலிவு வகையும் வேண்டாம். அந்தச் சிவப்புப் பூச்சு பறவையின் நிறத்தையே மாற்றிக் காட்டும்.

வந்தவுடன் உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். இரு குழாயையும் மடித்து இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை அகலத்தைச் சரிபாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடி, தூரத்து மின்கம்பத்தை இடக்கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையம் நின்ற குறியை நினைவில் வையுங்கள், இனி அது மாறக்கூடாது. பலர் புதிய பைனாகுலரைத் ‘தெளிவில்லை’ என்று மூலையில் போடுவது இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான். மூக்குக்கண்ணாடி போடுபவர் கண்கிண்ணத்தை உள்ளே திருகிவிட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். நமது மாரி ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்தால் எடுப்பது கடினம். குடும்பத்தில் ஆளுக்கொன்று இருப்பது நல்லது. ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பதற்குள் எந்தப் பறவையும் காத்திருக்காது.

ஆயிரம் பறவைப் பெயரை எப்படி மனப்பாடம் செய்வது? படங்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.
— ஒரு ஆசிரியை, சாவகச்சேரி

மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களுக்கு ஏற்கனவே பாதி தெரியும். பறவைகளைக் குடும்பமாக அறிந்தவர் எந்த நாட்டிலும் திகைக்க மாட்டார்.

பனங்காடையை எடுங்கள். மின்கம்பியில் தவிட்டு நிறத்தில் சும்மா இருக்கும், பறந்தால் இறக்கை நீலமாக விரியும், தரையில் வெட்டுக்கிளியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் அதே இடத்துக்கு வரும். மாராவில் புதரின் உச்சியில் அதே போல அமர்ந்து, அதே போல இறங்கி, அதே போல நீலம் காட்டும் ஒன்றைப் பார்த்தால் அது பனங்காடைக் குடும்பம் என்று அந்தக் கணமே சொல்லிவிடலாம். மார்பு இளஊதாவும் வாலில் இரண்டு நீண்ட இழையும் இருந்தால் அது அங்கே மிகுதியாகக் காணும் இளஊதா மார்புப் பனங்காடை. குடும்பம் தெரிந்தால் புத்தகத்தில் புரட்ட வேண்டியது இரண்டு பக்கம்.

பஞ்சுருட்டானும் அப்படியே. வளைந்த மெல்லிய அலகு, கண்ணின் குறுக்கே கறுப்புக் கோடு, தும்பியைக் காற்றில் பிடித்துக் கொப்பில் அடித்துத் தின்பது. நைவாசா, நகுருப் பக்கத்து மண்கரைகளில் பொந்து தோண்டிக் கூட்டமாக வாழ்வது வெண்நெற்றிப் பஞ்சுருட்டான். செந்நிறப் பஞ்சுருட்டான் நடந்து போகும் பெரிய கானமயிலின் முதுகில் ஏறி நின்று, அதன் காலடியில் கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கும்.

இரட்டைவால் கரிக்குருவி இலங்கையில் வடக்கிலும் வடமேற்குக் கரையிலும்தான் சாதாரணமாகக் காணும், ஆகவே யாழ்ப்பாணத்தவருக்கு இங்கே ஒரு முன்னுரிமை உண்டு. ஆபிரிக்காவின் கவைவால் கரிக்குருவியை நீங்கள் பார்த்தவுடனே அறிவீர்கள். தூக்கணாங்குருவிக்கு அங்கே பத்துக் கணக்கில் உறவுகள் உண்டு. ஆண்கள் பலவும் மஞ்சள், ஆகவே கண்ணின் நிறம், முகத்தில் கறுப்பு எதுவரை வருகிறது, கூட்டின் வாசல் குழாய் நீளமா குட்டையா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சில பறவைகளில் இனம்கூட மாறாது. நெடுங்கால் உள்ளான், நீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும் கறுப்புவெள்ளை மீன்கொத்தி, வயலுக்கு மேலே ‘சிட்... சிட்’ என்று எம்பி எம்பிப் பறக்கும் சின்னஞ்சிறு கதிர்க்குருவி எல்லாம் அங்கும் இவையே. உண்ணிக்கொக்கில் மட்டும் ஒரு நுணுக்கம்: இனப்பெருக்கக் காலத்தில் நமது கொக்கின் தலையும் கழுத்தும் முழுதும் செம்மஞ்சளாகும், அங்குள்ளதற்கு உச்சி, மார்பு, முதுகு என்று திட்டுத் திட்டாகத்தான் நிறம் ஏறும்.

மீதி இருப்பவைதான் உண்மையில் புதியவை. தீக்கோழியில் கழுத்தும் தொடையும் இளஞ்சிவப்பானது மாராவிலும், நீலச் சாம்பலானது சம்புருவிலும். எருமை முதுகில் உண்ணி பொறுக்கும் குருவியில் சிவப்பு அலகும் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் உள்ளது ஒன்று, வளையம் இல்லாமல் அலகின் அடி மஞ்சளானது மற்றது. இரண்டும் உண்ணியோடு நிற்பதில்லை, புண்ணைக் கொத்தி இரத்தமும் குடிக்கும். குட்டைப்புல்லில் நீண்ட காலோடு நடந்து பாம்பை மிதித்துக் கொல்லும் செக்ரட்டரிப் பறவை இப்போது அருகிவரும் இனம். ஒன்று கண்டால் வாகனத்தை நிறுத்தி, அது கண்ணை விட்டு மறையும்வரை பாருங்கள்.

போவதற்கு முன் ஒரு மாதம் பண்ணைப் பாலத்திலும் மண்டைதீவுக் கரையிலும் காலை ஒரு மணித்தியாலம் நில்லுங்கள். பெயர் தெரியாத பறவைக்குக் கால் நிறம், அலகின் வடிவம், நடை, பறக்கும்போது தெரியும் வெள்ளை எங்கே என்று நான்கு வரி எழுதிப் பழகுங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் கைபேசிச் செயலியில் கென்யாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள், பூங்காவுக்குள் சிக்னலை நம்ப முடியாது.

சாரதிகள் சிங்கத்தைத் தேடி ஓடுவார்கள், பறவைக்கு நிறுத்த மாட்டார்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், பருத்தித்துறை

பணம் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பறவை அறிந்த வழிகாட்டி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையில் அறிந்தவரா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: அங்கே சாதாரணமாகக் காணும் இரண்டு மினுங்கும் நீல மைனாக்களை எப்படிப் பிரிப்பீர்கள்? மார்பின் குறுக்கே வெள்ளைப் பட்டையும் வெளிறிய கண்ணும் ஒன்றுக்கு, பட்டை இல்லாமல் சிவந்த கண் மற்றதற்கு என்று தயங்காமல் சொல்பவர் போதும். வேறு குடும்பங்களோடு சேர்ந்து போகும் வாகனத்தில் ஏறாதீர்கள். ஏழு பேரில் ஒருவருக்கு மட்டும் பறவை வேண்டுமென்றால் அங்கே சண்டைதான் வரும். ஒரு வாகனத்துக்கு நான்கு பேர், எல்லோருக்கும் யன்னலோரம்.

முதல் நாள் காலையிலேயே சாரதியிடம், சிங்கம் காணாவிட்டாலும் அவர் கையில் நீங்கள் தரும் பணம் குறையாது என்று சொல்லிவிடுங்கள். மற்றச் சாரதிகளின் வானொலி அழைப்புக்கு அவர் ஓடுவது அந்தப் பயத்தில்தான். ‘சிமாமா’ என்றால் நில், ‘பொலே பொலே’ என்றால் மெதுவாக. ‘ண்டெகே’ என்றால் பறவை. விமானத்துக்கும் சுவாகிலியில் அதே சொல்தான், ஆகவே கையையும் சேர்த்துக் காட்டுங்கள். நின்றதும் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடினால் பைனாகுலரும் கமராவும் அதிரும், பறவையின் குரலும் கேட்காது. வாகனம் வந்தவுடன் அடங்கும் புதர் நாலைந்து நிமிடத்தில் மீண்டும் அசையத் தொடங்கும். அதுவரை பொறுத்தவருக்குத்தான் அது காட்டும்.

பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலை ஒலிக்க விடும் வழிகாட்டியை நிறுத்தச் சொல்லுங்கள். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டையும் உணவையும் விட்டு அது அலையும்.

கமராவுக்கு 70–300 லென்ஸ் இருக்கிறது. போதுமா?
— ஒரு வாசகர், சுன்னாகம்

பெரிய பறவைக்குப் போதும், குருவிக்கு 400 மி.மீ. ஆவது வேண்டும். புதிய லென்ஸ் வாங்க முன் ஒரு அரிசிப் பை தைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜீன்ஸ் காலில் ஒரு முழ நீளத் துண்டு வெட்டி, ஒரு பக்கம் இரட்டைத் தையல், மறுபக்கம் ஸிப். வெறும் பையாகக் கொண்டுபோய், நைரோபிக் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி முக்கால்வாசி நிரப்புங்கள். முழுதும் நிரப்பினால் பை உருளும், லென்ஸ் பதியாது. வாகனத்தின் கூரை விளிம்பிலோ யன்னலிலோ வைத்து அதன்மேல் லென்ஸை அழுத்துங்கள். புறப்படும் நாள் அரிசியைச் சாரதியிடம் கொடுத்துவிடலாம்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000 செக்கன். பத்து மணிக்குப் பிறகு தூரத்துப் பறவையைப் படமெடுக்க முயலாதீர்கள். சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கும், எவ்வளவு விலையுள்ள லென்ஸிலும் படம் நீருக்கடியில் எடுத்தது போல வரும். வாகனத்துக்குள் லென்ஸ் மாற்ற வேண்டாம், செம்புழுதி உள்ளே போய்விடும். நமது 13 அம்பியர் சதுர மூன்றுகால் பிளக் கென்யாவில் அப்படியே பொருந்தும். பொலித்தீன் பையில் எதையும் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள். கென்யாவில் 2017 முதலும் தன்சானியாவில் 2019 முதலும் அது தடை. துணிப் பை போதும். உள்நாட்டுச் சிறு விமானத்தில் ஏறுவதானால் வழமையாக ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரமில்லாத மென்பையில்.

அம்மாவுக்கு வயது 67. அவரையும் கூட்டிப் போகிறோம். தடுப்பூசி கட்டாயமா?
— ஒரு வாசகி, நல்லூர்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் கட்டுநாயக்காவில் சிக்கல். அந்நோய் உள்ள நாட்டிலிருந்து வருபவரிடம் இலங்கை அதைக் கேட்கும். உங்களோடு கென்யாவிலிருந்து நேரே யாழ்ப்பாணம் வரும் வெளிநாட்டு உறவினருக்கும் இது பொருந்தும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்று செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடலாம். முன்கூட்டி அழைத்து நாளும் நேரமும் கேட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். இது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. 60 வயதைத் தாண்டியவர் முதன்முறை போடுவதானால் பக்கவிளைவு வாய்ப்புச் சற்றுக் கூட, முட்டை ஒவ்வாமை உள்ளவருக்கும் கவனம் வேண்டும். அம்மாவைக் குடும்ப வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். வைத்தியர் வேண்டாமென்றால் அதற்கான மருத்துவச் சான்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

மலேரியாவைச் சிலர் இலேசாக எடுக்கிறார்கள். 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்று இல்லாததால் 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆகவே நமது உடம்பில் எதிர்ப்பு இல்லை. நுளம்போ இங்கே இருக்கிறது, மன்னாரில் புதிய வகையொன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. நீங்கள் கொண்டு வந்தால் அது பரப்பும். தடுப்பு மாத்திரையை மலேரியாத் தடை இயக்கம் பயணிகளுக்கு இலவசமாகத் தருகிறது. போகும் ஊர்களின் பட்டியலோடு போய்க் கேளுங்கள். மாத்திரை ஊரிலேயே தொடங்கி, திரும்பிய பின்னும் சொன்ன நாள்வரை போட வேண்டும். வந்து ஓராண்டுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் ‘ஆபிரிக்கா போய் வந்தேன்’ என்று முதலில் சொல்லி இரத்தம் சோதியுங்கள்.

என்ன நிற உடை?
— ஒரு வாசகர், காரைநகர்

மண் நிறம், காக்கி, இலைப்பச்சை. கருநீலமும் கறுப்பும் வேண்டாம், கடித்தால் ஊசி போல வலிக்கும் செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். அதைப் பிடிக்கும் பொறிகளையே நீலத்திலும் கறுப்பிலும்தான் செய்கிறார்கள். இராணுவப் புள்ளி உடை உகண்டா உட்படப் பல நாடுகளில் பொதுமக்களுக்குத் தடை.

மொம்பாசாவில் நமது காகம் இருக்கிறதாமே, உண்மையா?
— ஒரு மாணவி, உடுவில்

உண்மை, அங்கே அது பெரும் துன்பமும்கூட. சாம்பல் கழுத்துள்ள நமது வீட்டுக்காகம் கப்பல் வழியாகவும் மனிதர் கொண்டுபோய் விட்டும் கிழக்கு ஆபிரிக்கக் கரையில் பரவியது. சன்சிபாரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருந்தது. தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கிழித்துக் குஞ்சுகளைத் தின்று, கரையோர ஊர்களில் சிறுபறவைகளையே குறைத்துவிட்டது. 2024இல் பத்து இலட்சம் காகத்தை ஒழிக்கும் திட்டத்தைக் கென்ய அரசு அறிவித்தது. நமது முற்றத்தில் அளவோடு வாழும் பறவை, அதைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லாத ஊரில் இப்படி ஆகிறது.

இலங்கையில் பாறு (பிணந்தின்னிக் கழுகு) இல்லை என்று படித்தேன். அங்கே அருகில் பார்க்கலாமா?
— ஒரு வாசகர், தெல்லிப்பழை

பார்க்கலாம். மாராவில் இரை கிடந்த இடத்தில் நான்கைந்து இனம் ஒன்றாகக் கூடும். மிகப் பெரிய அலகும் மடிப்பு விழுந்த இளஞ்சிவப்புத் தலையும் உள்ளது வந்தால் மற்றவை விலகும். தடித்த தோலைக் கிழிப்பது அதுதான். இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் விளிம்பு இருந்து செதிள் போலத் தெரிவது ருப்பெல் பாறு. 1973இல் ஐவரி கோஸ்ற்றின் அபிஜானுக்கு மேலே ஏறத்தாழ 11,300 மீற்றர் உயரத்தில் விமானத்தில் மோதியது இந்த இனம். ஓரத்தில் நின்று துண்டு பொறுக்கும் சிறியது தொப்பிப் பாறு.

இவை வேகமாகக் குறைகின்றன. யானை வேட்டையாடுவோர் கொன்ற உடலில் நஞ்சு தெளிக்கிறார்கள், பாறு வானில் வட்டமிட்டால் காவலர் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவர் என்பதற்காக. 2019இல் பொட்ஸ்வானாவில் ஒரே நிகழ்வில் 537 பாறுகள் செத்தன. கால்நடையைத் தின்னும் சிங்கத்துக்கு வைக்கும் நஞ்சும் இவற்றைத்தான் முதலில் கொல்கிறது. பல பாறுகள் ஒரே இடத்தில் செத்தோ மயங்கியோ கிடப்பதைக் கண்டால் வாகனத்தை விட்டு இறங்காமல், இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்து, சாரதி மூலம் பூங்காக் காவலருக்கு உடனே அறிவியுங்கள். உடலை விரைவில் எரித்தால் அடுத்து இறங்கும் கூட்டம் தப்பும்.